எட்டாவது இலை

காசு எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்துகொண்டால் இந்தக் கதையில் பாதி தெரிந்த மாதிரி. எழுத்தும் படமும் இல்லாத வெறும் உலோக வில்லை ஒன்று இரண்டு எஃகு அச்சுகளுக்கு நடுவே வந்து உட்காரும். மேலச்சு இறங்கி ஒரே அடி அடிக்கும். வில்லை காசாகி வெளியே விழும். அந்த இடத்தில் அடுத்த வில்லை வந்து உட்காரும். ஒரு ஜோடி அச்சு தேய்ந்து ஓய்வதற்குள் லட்சக்கணக்கான காசுகளைப் பெற்றுப் போட்டுவிடும்.

இதில் தப்பு நேர இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று, அடிக்கும் அந்த நொடி. வில்லை சற்றே தள்ளி உட்கார்ந்துவிடலாம். நடுவில் ஒரு நூல் துணுக்கு விழுந்துவிடலாம். அந்த ஒரு காசு கோணலாகும், அடுத்தது ஒழுங்காக வரும். சேகரிப்பவர்கள் இதைப் பிழைக் காசு என்பார்கள். மற்றது, அச்சு. அச்சைச் செய்தபோதே ஓர் எண் இரட்டையாக விழுந்திருக்கலாம். அல்லது பளபளப்பாக்குகிறேன் என்று யாரோ ஒரு கோட்டையே தேய்த்து எடுத்திருக்கலாம். அப்போது அந்த அச்சு அடித்த அத்தனை காசிலும் அதே கோளாறு அதே இடத்தில் இருக்கும், குடும்பத்து மச்சம் மாதிரி. இதற்கு அச்சு வகை என்று பெயர்.

தையல் மாஸ்டர் இதை இன்னும் சுருக்கமாகச் சொல்வார். “துணி வெட்டும்போது கத்தரி வழுக்கினா ஒரு சட்டை போச்சு. அளவு அட்டையே தப்பா இருந்தா அம்பது சட்டையும் போச்சு. முதல்ல சொன்னது பிழை, ரெண்டாவது வகை. அவ்வளவுதான், இதுல பெரிய வித்தை ஒண்ணும் இல்ல.”

பெரிய வித்தைதான். கையில் இருப்பது ஒரே ஒரு காசு. அது தனியாகக் கெட்டதா, கூட்டத்தோடு கெட்டதா என்று அந்த ஒன்றைப் பார்த்தே சொல்ல வேண்டும். மாஸ்டர் இருபத்திரண்டு வருடமாக அதைத்தான் செய்து வந்தார். கடையில் இரண்டு தையல் எந்திரம், ஒரு நீள மேசை, சுவரில் தொங்கும் அளவு அட்டைகள். மேசை இழுப்பறையில் பொத்தான் டப்பாக்களுக்குப் பக்கத்தில் ஒரு பூதக்கண்ணாடி. வாடிக்கையாளர் கொடுக்கும் சில்லறையை அதில் பார்க்காமல் அவர் கல்லாவில் போட்டதில்லை.

நகரத்து நூலகத்தின் மாடியில் மாதம் ஒருமுறை கூடும் காசு மன்றத்தில் அவர் உறுப்பினர். மன்றத்துக்குப் பெரிய சொத்து எதுவும் கிடையாது; இருப்பது ஒரு பட்டியல். அச்சு வகைகள் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். என்ன வித்தியாசம், எப்படிக் கண்டுபிடிப்பது, முதலில் கண்டவர் யார். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்து அச்சிடுவார்கள். போன பதிப்பில் நாற்பது எண்கள். மன்றத்தில் ஓரளவு நாள் தள்ளிய எல்லாருக்கும் அதில் ஓர் எண் இருந்தது. பட்டியலை அச்சடித்துத் தரும் ஜெராக்ஸ் கடைக்காரருக்குப் பன்னிரண்டாம் எண், இரட்டை ஆறு. மாஸ்டருக்கு ஒன்றும் இல்லை.

“நாப்பது நம்பர் ஓடுது,” என்பார் ஜெராக்ஸ்காரர். “நம்ம மாஸ்டருக்கு அதுல ஒரு பொத்தான் ஓட்டை அளவுக்குக்கூட இடமில்ல.”

“ஓட்டை போடறது என் வேலை. இடம் நானே பண்ணிக்குவேன்,” என்று மாஸ்டர் சிரித்துக்கொண்டே சொல்வார். ஆனால் புதிய பதிப்பு வரும்போதெல்லாம் கடைசிப் பக்கம்வரை விரல் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மூடுவார். அது அவர் மனைவிக்குத் தெரியும்.

இந்த வருடம் புதிய பதிப்புக்கு மூன்று மாதம் இருக்கும்போது அவர் கையில் அந்தக் காசு சிக்கியது. பழைய ஐந்து காசு, இன்னும் புழக்கத்தில் இருப்பது. மதிப்பைச் சுற்றி ஓர் இலைவளையம். இடப்பக்கம் எட்டு இலை, வலப்பக்கம் எட்டு இலை. கீழே ஆண்டு. ஆண்டின் அடியில், எந்த நாணயச்சாலையில் அடித்தது என்று காட்ட, கடுகளவு ஒரு நட்சத்திரம். மாஸ்டரின் காசில் இடப்பக்கம் ஏழு இலைதான் இருந்தது. முடிச்சுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய எட்டாவது, எல்லாவற்றிலும் சின்னது, அங்கே இல்லை.

அவர் அதைத் தாளில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய், மனைவியின் தங்கையை வரச் சொன்னார்.

இந்தத் தங்கையைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லியாக வேண்டும். உலோகப் பொத்தான் செய்யும் தொழிற்சாலையில் அச்சுப் பராமரிப்பு அவள் பொறுப்பு. அழுத்து எந்திரத்திலிருந்து அச்சைக் கழற்றுவது, துடைப்பது, எண்ணெய்க்கல்லால் தேய்ப்பது, திரும்பப் பொருத்துவது. காசு அடிப்பதும் பொத்தான் அடிப்பதும் ஒரே கலையின் இரண்டு கிளைகள். அதனால் மன்றத்தார் அவளைப் பரிசோதகர் ஆக்கிவிட்டார்கள். அவள் கையெழுத்து இல்லாமல் ஒரு காசும் பட்டியலுக்குள் போகாது. மன்றத்தில் எல்லாருக்கும் அவள் ‘லென்ஸ்’. வீட்டிலும் இப்போது அதுவே பெயராகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேசையைத் துடைத்து, மேசை விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துவைத்துக்கொண்டு லென்ஸ் உட்கார்ந்தாள். மாஸ்டர் பின்னால் நின்றார்.

“மாமா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. உங்க மூச்சு கண்ணாடியில படுது.”

“நான் மூச்சே விடல.”

“அதான் பார்த்தேன். விடுங்க. ஏதாவது ஆச்சுன்னா அக்காவுக்கு நான்தான் பதில் சொல்லணும்.”

அக்கா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். “ஒரு இலை உதிர்ந்ததுக்கு இத்தனை ஆர்ப்பாட்டம். வாசல்ல தினமும் ஒரு கூடை கூட்டி அள்றேன், வந்து பார்க்க ஒரு ஆள் இல்ல.”

லென்ஸ் காசை மெல்லச் சுழற்றினாள். நேராக விழும் வெளிச்சம் காசைப் பளபளப்பாக்குமே தவிர ஒன்றையும் காட்டாது. சாய்வாக விழும் வெளிச்சம்தான் ஒவ்வொரு மேட்டுக்கும் ஒரு நிழல் கொடுக்கும்.

“இலை காணாமப் போக ரெண்டு வழி இருக்கு,” என்றாள். “காசுல மேடா இருக்கறது அச்சுல பள்ளம், தெரியுமில்ல? இலைங்கறது அச்சுல ஒரு குழி. அந்தக் குழியில எந்திரத்து எண்ணெயும் தூசியும் சேர்ந்து பசையா அடைச்சுக்கிட்டா, உலோகம் உள்ள போக இடம் இருக்காது. இலை விழாது. கொஞ்ச நேரத்துல பசை கழண்டு போயிடும், இலை திரும்ப வந்துடும். அது பிழை. இல்ல, அச்சோட முகத்தையே யாராவது ஆழமாத் தேய்ச்சு, குழியே மறைஞ்சு போயிருந்தா, அதுக்கப்புறம் அந்த அச்சு அடிச்ச எல்லாக் காசுலயும் ஏழு இலைதான். அது வகை.”

“இது எது?”

“அவசரப்படாதீங்க. இங்க பாருங்க, வெறும் இடத்துல மெல்லிசா கோடு ஓடுது. மயிர் மாதிரி.”

“கீறல்.”

“கீறல்னா பள்ளமா இருக்கும். உங்க பையில சாவியோட கிடந்து விழுந்ததா இருக்கும், இலை மேலயும் எண் மேலயும் தாண்டி ஓடும். இது மேடா இருக்கு. இலை ஓரம் வந்ததும் நின்னுடுது. அப்படின்னா கோடு காசுல விழல, அச்சுல விழுந்தது. கல்லு வச்சுத் தேய்ச்ச கோடு. கல்லு அச்சோட சமதளத்துலதான் படும், குழிக்குள்ள இறங்காது. அதனாலதான் ஓரத்துல நிக்குது.”

மாஸ்டர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தேய்த்தது உண்மை என்றால் இலை தேய்ந்து போனதும் உண்மையாக இருக்கலாம். அவருக்குக் கால் தரையில் பாவவில்லை.

“அப்ப வகைதான்.”

“வகை மாதிரி இருக்கு. மாதிரி இருக்கறதுக்கு நம்பர் கிடையாது. ஒரு காசு சொல்றதை இன்னொரு காசு வந்து ஆமாம்னு சொல்லணும், அதான் விதி. நாப்பத்தொண்ணை உங்களுக்காக எழுதி வைக்கிறேன். ரெண்டாவது காசு கொண்டு வாங்க.”

ஆக, மாஸ்டருக்கு வேண்டியதெல்லாம் ஒரே ஒரு காசு. அதே ஆண்டு, அதே நட்சத்திரம், ஏழு இலை. மூன்று மாதத்துக்குள்.

அவர் தேடியதைவிட அவர் மனைவி தேடியதுதான் அதிகம். காசு போட்டால் ஓடும் சலவை எந்திரங்கள் பதினான்கு வரிசையாக நிற்கும் ஒரு கடையை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். எந்திரம் ஒவ்வொன்றின் வயிற்றிலும் ஒரு தகரப் பெட்டி. தினமும் சாயங்காலம் கடை அடைக்கும் முன் பெட்டிகளைத் திறந்து துவைத்த துண்டின் மேல் கொட்டுவாள். ஐந்து காசுகளை மட்டும் ஒதுக்கி, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, இடப்பக்கம் முடிச்சுக்கு அருகே ஒரு பார்வை. மற்ற எதையும் பார்க்கமாட்டாள். கணவனிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதும் இல்லை. ஒரு வேலையை ஆயிரம் தடவை ஒரே கவனத்தோடு செய்வது என்பது எவ்வளவு பெரிய காரியம் என்று அப்படிச் செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

பன்னிரண்டாவது வாரம், மாஸ்டர் ஒரு கோட்டுக்கு உள்துணி வைத்துக்கொண்டிருந்தபோது அவள் கடைக்குள் வந்து, மேசைமேல் சாக்குக்கட்டிக்குப் பக்கத்தில் ஒரு காசை வைத்தாள்.

“ஒன்பதாவது எந்திரம். எண்ணிப் பாருங்க.”

அவர் எண்ணினார். இன்னொரு முறை எண்ணினார். பிறகு பூதக்கண்ணாடியைத் தேடினார். அது அவர் கையில்தான் இருந்தது.

“நீ தேடிக்கிட்டிருந்தியா?”

“இல்ல, அதுவா நடந்து வந்துச்சு.”

அன்று மாலையே தொழிற்சாலை வாசலில் லென்ஸிடம் காட்டினார்கள். பட்டியல் அச்சுக்குப் போக ஒரே நாள்தான் பாக்கி. லென்ஸ் காவலர் அறையின் விளக்கடியில் காசைப் பிடித்துப் பார்த்தாள். ஏழு இலை. வெறும் இடத்தில் அதே மெல்லிய கோடுகள், அதே சாய்வு, இலை ஓரத்தில் அதே மாதிரி நின்றன. நட்சத்திரம் ஆண்டின் அடியில், இருக்க வேண்டிய இடத்தில். அவள் முகம் மலர்ந்துவிட்டது. பைக்குள்ளிருந்து படிவத்தை எடுத்து, காவலரின் முதுகையே மேசையாக்கி, கையெழுத்துப் போட்டாள்.

“மாமா, இனிமே நீங்க நாப்பத்தொண்ணு.”

“வயசு அம்பத்தாறு,” என்றாள் மனைவி. “பதினஞ்சு குறைச்சிட்டியே, உனக்குப் புண்ணியமாப் போகும்.”

ஜெராக்ஸ்காரர்கூட அன்று கிண்டல் செய்யவில்லை. “படம் ஒண்ணு வரைஞ்சு கொடுங்க மாஸ்டர்,” என்றார். “போட்டோ போட்டா எங்க எந்திரத்துல காசு தோசைக்கல்லு மாதிரி கருப்பா வருது. கோட்டுப் படமா இருந்தா சுத்தமா விழும்.”

படம் வரைவது மாஸ்டருக்குக் கைவந்த கலை. உடம்பின் வளைவைத் தாளில் தட்டையாக்குகிறவருக்கு ஓர் இலை எந்த மூலை. இரண்டு காசையும் ஜெராக்ஸ்காரர் ஸ்கேன் செய்து சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பெரிதாக்கிக் கொடுத்தார். மறுநாள் காலை கடையைத் திறந்ததும் மாஸ்டர் முதல் காசின்மேல் மெல்லிய வரைதாளை விரித்து, கூர்மையான பென்சிலால் வளையத்தை, இலைகளை, ஆண்டை, நட்சத்திரத்தை நகலெடுத்தார். நல்ல படம். ஆனால் இரண்டு காசுக்கும் பொதுவான படம் என்று பட்டியலில் போடப்போவதால், இரண்டாவதோடும் பொருந்துகிறதா என்று பார்க்க அதன்மேல் வைத்தார். இது அவர் யோசித்துச் செய்ததல்ல. சட்டைக்கு இரண்டு கை வெட்டினால் ஒன்றின்மேல் ஒன்றை வைத்துப் பார்ப்பது அவர் விரல்களின் பழக்கம்.

வளையம் வளையத்தின்மேல் உட்கார்ந்தது. இலைகள் இலைகளின்மேல். ஆண்டின் நான்கு எண்களும் அச்சாகப் பொருந்தின. நட்சத்திரம் பொருந்தவில்லை. பென்சில் நட்சத்திரத்துக்கு வலப்பக்கம், ஒரு நூல் அகலத்துக்கு, இன்னொரு நட்சத்திரம் எட்டிப் பார்த்தது.

தாள் நகர்ந்திருக்கும் என்று நினைத்தார். குண்டூசி குத்தி மறுபடி வைத்தார். அதே நூல் அகலம். ஸ்கேனில் காசு சாய்ந்திருக்கும் என்று எழுந்து ஜெராக்ஸ் கடைக்குப் போனார். இரண்டு காசையும் ஒரே கண்ணாடியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே தடவையில் எடுக்கச் சொன்னார்.

“இன்னும் எத்தனை போட்டோ? பொண்ணு பார்க்கவா அனுப்பறீங்க?” என்றார் ஜெராக்ஸ்காரர்.

மாஸ்டர் நகலை வாங்கிக்கொண்டு கடைக்கு வந்தார். புதிய நகலில் மறுபடி வரைந்தார், மறுபடி வைத்தார். நூல் அகலம் அங்கேயே இருந்தது.

அந்த நூல் அகலம் என்ன சொல்கிறது என்பதை விளக்க வேண்டும். அந்தக் காலத்து அச்சில் இலை, எண், வளையம் எல்லாமே ஒரே தாய் அச்சிலிருந்து ஒரே அழுத்தில் இறங்கும். அதனால் எல்லா அச்சிலும் அவை மயிரிழை மாறாது. நட்சத்திரம் மட்டும் அப்படியில்லை. எந்த நாணயச்சாலைக்குப் போகிறது என்று முடிவானபிறகு, ஒருவர் உட்கார்ந்து ஒவ்வோர் அச்சிலும் கையால் ஓர் உளியை வைத்துச் சுத்தியலால் தட்டிப் பதிப்பார். கை என்றால் கைதான். நூறு அச்சில் தட்டினால் நூறு நட்சத்திரமும் நூறு இடத்தில். ஆகவே நட்சத்திரம் நகர்ந்திருந்தால் அச்சு வேறு. அச்சு வேறு என்றால் இந்த இரண்டு காசும் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்ல முடியாது.

பூதக்கண்ணாடியில் இலை இருக்க வேண்டிய இடத்தைத் திரும்பப் பார்த்தார். இப்போது எதைத் தேட வேண்டும் என்று தெரிந்திருந்ததால் அது தெரிந்தது. தன் காசில் இலையின் காம்பு மட்டும் ஒரு புள்ளியாக மிஞ்சியிருந்தது. மனைவி கொடுத்த காசில் காம்பு இல்லை; இலையின் நுனி நிழல்போல மிஞ்சியிருந்தது. கல்லால் தேய்ந்த குழி சீராக மறையும், இப்படித் துண்டாக மிஞ்சாது; இவை இரண்டு வேறு குழிகள், இரண்டு வேறு விதமாக அடைத்துக்கொண்டவை.

வெறும் கண்ணுக்கு இது தெரியாது. லென்ஸுக்கே தெரியவில்லை. மன்றத்தில் இன்னொருவர் இரண்டு காசையும் தட்டளவு பெரிதாக்கி வரைதாள் போட்டுப் பார்க்கப்போவதில்லை. படிவத்தில் கையெழுத்து ஆகிவிட்டது. ஒன்பதாவது எந்திரத்தை நினைத்தார். அதற்கு முன் பதினோரு வாரம் கொட்டிப் பார்த்த பெட்டிகளை நினைத்தார்.

ஒருவர் கால்சட்டை நீளம் குறைக்க வந்தார். மாஸ்டர் உட்கார்ந்து மடிப்புத் தைத்துக் கொடுத்தார். வலக்கால் மடிப்பு சரியில்லை என்று பிரித்து மறுபடி தைத்தார். வாடிக்கையாளர் போனதும் வரைதாள்களைச் சுருட்டி எடுத்துக்கொண்டு, கடையைப் பூட்டி, தொழிற்சாலைக்கு நடந்தார்.

சாப்பாட்டு இடைவேளை. அழுத்து எந்திரங்கள் நின்றிருந்ததால் தரையின் அதிர்வும் நின்றிருந்தது. அச்சு அறையில் லென்ஸ் கையெல்லாம் எண்ணெயோடு ஸ்டூலில் உட்கார்ந்து சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்துகொண்டிருந்தாள்.

“வாங்க நாப்பத்தொண்ணு.”

“கையைத் துடைச்சுக்கிட்டு இதைப் பாரு.”

அவள் துடைத்துக்கொண்டு இரண்டு தாளையும் ஜன்னல் கண்ணாடியில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பிடித்தாள். பின்னாலிருந்து வெயில் விழுந்து இரண்டு காசும் ஒன்றாகத் தெரிந்தன, ஓர் இடத்தைத் தவிர. அவள் தாளை நகர்த்தவில்லை, குண்டூசியைக் கேட்கவில்லை. பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. 

“இதை யாருக்குக் காட்டினீங்க மாமா?”

“உனக்குத்தான்.”

“நான் கையெழுத்து போட்டுட்டேன்.”

“அதான் சீக்கிரமா வந்தேன்.”

அவள் தாளைக் கீழே வைத்தாள். “கோடு ஒரே மாதிரி இருந்துச்சு. ஒரே அச்சுன்னு நினைச்சிட்டேன். ஒரே அச்சு இல்ல, ஒரே கை. தேய்க்கிற ஆள் ஒருத்தனா இருந்தா எல்லா அச்சுலயும் ஒரே பக்கமாத்தான் இழுப்பான். இந்த அறையில இருக்கற நாப்பது அச்சையும் எடுத்துப் பாருங்க, எல்லாத்துலயும் என் கைதான் இருக்கும். நான் அதைப் பார்த்து ஏமாந்திருக்கேன். வேற யார் ஏமாந்தாலும் நான் ஏமாறக் கூடாது.”

“சரி, அதே இலை எப்படி ரெண்டுலயும் காணாமப் போச்சு? அதைச் சொல்லு. அதான் எனக்கு இடிக்குது.”

லென்ஸ் எழுந்து அலமாரியிலிருந்து ஒரு பொத்தான் அச்சை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். சின்னதாக ஒரு நங்கூரம் உள்வாங்கிப் பதிந்திருந்தது. “இதோட தலையில ஒரு வளையம் இருக்கு பாருங்க. இதுலயே ரொம்பச் சின்னக் குழி அதுதான். எண்ணெய் எங்க போய் அடைக்கும்? அங்கதான். எங்ககிட்ட இதே நங்கூரத்துல ஆறு அச்சு ஓடுது. ஆறுலயும் அந்த வளையம்தான் அடைக்கும். தினமும் ஊசி வச்சுக் குத்தி எடுக்கறது நான்தான். எட்டாவது இலையும் அப்படித்தான். இருக்கறதுலயே சின்னக் குழி. எந்த அச்சுல அடைச்சாலும் முதல்ல அதுதான் அடைக்கும்.”

மாஸ்டர் அச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தன் எண் கைவிட்டுப் போன நேரத்தில் ஒரு மனிதர் இவ்வளவு சந்தோஷமாக ஒரு விளக்கத்தைக் கேட்க முடியுமா என்று லென்ஸுக்கு ஆச்சரியமாக இருந்தது. “அட,” என்றார் அவர். “அடைக்கிற எடம் ஒண்ணு, அடைச்ச அச்சு வேற. நல்லா இருக்கே.”

“உங்களுக்கு வருத்தமா இல்லையா?”

“இருக்கு. வரும்போது வழியெல்லாம் இருந்துச்சு. இதைக் கேட்டதும் கொஞ்ச நேரம் மறந்துட்டேன்.”

“வீட்டு ஆளுங்கறதால கண்ணை மூடிக்கிட்டு கையெழுத்து போட்டாள்னு மன்றத்துல சொல்வாங்க.”

“நீ கண்ணைத் திறந்துதான் பார்த்தே. சந்தோஷத்துல பார்த்தே, அவ்வளவுதான். சாப்பிடு, ஆறிப் போகுது. ஜெராக்ஸ் நாலு மணிக்கு எந்திரத்தை ஓட்டிடுவான்.”

மூன்றரைக்கு மூன்று பேர் ஜெராக்ஸ் கடையில் நின்றார்கள். லென்ஸ் அனுமதி கேட்டுச் சீக்கிரம் வந்திருந்தாள். சலவைக் கடை அதே தெருவில் இருந்ததால் மாஸ்டரின் மனைவியையும் கூப்பிட்டிருந்தார்கள். சொல்ல வேண்டியதை மாஸ்டரே சொன்னார்.

மனைவி தாள்களை வாங்கிப் பார்த்தாள். “இதுல என்னோடது எது?”

“அடியில இருக்கறது.”

“என் காசுல என்ன தப்பு?”

“ஒண்ணும் இல்ல. உன்னோடது ஒரு பிழை, என்னோடது ஒரு பிழை. ரெண்டும் தனித்தனிப் பிழை.”

“ரெண்டு பிழை சேர்ந்தா ஒரு வகை ஆகாதா?”

“ஆகாது.”

“குடும்பம் ஆகுதே,” என்றாள். பிறகு தாளைத் திருப்பிக் கொடுத்தாள். “நீங்க பேசாம இருந்திருக்கலாம். நான் கேட்டிருக்க மாட்டேன். யாரும் கேட்டிருக்க மாட்டாங்க.”

“ஆமா.”

“இருந்திருந்தா எனக்குப் பிடிச்சிருக்காது,” என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

ஜெராக்ஸ்காரருக்கு வேறு கவலை. “நாப்பத்தொண்ணை எடுத்தா நாப்பத்திரண்டு நாப்பத்தொண்ணு ஆகணும். நாப்பத்தொண்ணுக்கு அப்புறம் அஞ்சு நம்பர் இருக்கு. எல்லாரும் காசு உறையில நம்பர் எழுதி ஒட்டிட்டாங்க. பின்னாடி அட்டவணையில வேற இருக்கு. அந்த இடத்தை நான் காலியா விட முடியாது, எடுக்கவும் முடியாது. எதையாவது எழுதிக் கொடுங்க.”

லென்ஸ் பேனாவை எடுத்தாள். எழுதி, அடித்து, எழுதி, கடைசியில் படித்துக் காட்டினாள். “நாற்பத்தொன்று. இடப்பக்கம் ஏழு இலை. வகை அல்ல. எட்டாவது இலையின் குழியில் எண்ணெய்ப் பசை அடைத்ததால் நேரும் பிழை. ஒன்றுக்கு மேற்பட்ட அச்சுகளில் நேர்ந்துள்ளது. தேய்த்த கோடுகள் ஒரே மாதிரி இருப்பதை நம்ப வேண்டாம். நட்சத்திரத்தின் இடத்தை ஒப்பிடவும். வகை என்று தவறாக ஒப்புக்கொண்டவர், பரிசோதகர்.”

“கடைசி வரி வேணாம்,” என்றார் மாஸ்டர்.

“வேணும். மத்த நாப்பத்தஞ்சு நம்பருக்கும் கீழே என் கையெழுத்து இருக்கு. அதை நம்பணும்னா இதுவும் இருக்கணும்.”

“அப்ப கண்டுபிடிச்சவர் பேரு?” என்றார் ஜெராக்ஸ்காரர். “எல்லா நம்பருக்கும் இருக்கே.”

 மாஸ்டரின் மனைவி தொண்டையைச் செருமினாள். “ஒரு காசை வச்சு இது வகை இல்லன்னு சொல்ல முடியுமா?”

“முடியாது அக்கா. ரெண்டு வேணும். ரெண்டையும் ஒண்ணுமேல ஒண்ணு வச்சாத்தான் தெரியும்.”

“அந்த ரெண்டாவது யார் கொண்டு வந்தது?”

லென்ஸ் சிரித்துக்கொண்டே எழுதினாள்: “கண்டவர்களும் மறுத்தவர்களும்: தையல் மாஸ்டர், அவர் மனைவி.”

ஜெராக்ஸ்காரர் தாளை வாங்கி வரிகளை எண்ணினார். “இது அநியாயம் மாஸ்டர். இருக்கிற காசுக்கு என் பன்னிரண்டுல ரெண்டு வரி. இல்லாத வகைக்கு உங்களுக்கு ஏழு வரி, ரெண்டு பேரு, கூட ஒரு படம். இந்தப் புத்தகத்தை எடுக்கறவன் முதல்ல இதைத்தான் படிப்பான்.”

“நீளம் அதிகமா இருந்தா சொல்லுங்க, பிடிச்சுத் தச்சுடலாம்.”

எந்திரம் ஓடத் தொடங்கியது. முதல் பிரதி சூடாக வெளியே வந்தது. மாஸ்டர் அதை எடுத்து நாற்பத்தொன்றைப் புரட்டி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இரண்டு வரைதாளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து எடுத்த படத்தில் இலைவளையம் ஒரே கோடாக விழுந்திருந்தது. கீழே இரண்டு நட்சத்திரமும் மங்கலாக, ஒட்டிக்கொண்டதுபோல் இருந்தன.

“நிறுத்துங்க,” என்றார்.

ஜெராக்ஸ்காரர் பொத்தானை அழுத்தினார். “இப்ப என்ன?”

“கோடு வெளுத்திருக்கு. இன்னும் கொஞ்சம் கருப்பாப் போடுங்க. அந்த ரெண்டு நட்சத்திரத்துக்கும் நடுவுல இருக்கற இடைவெளி தெரியணும்.”